ஐந்து தொப்பி, ஆறு சிலை: ஒரு பனிக்கதை விளையாட்டைச் செய்த அனுபவம்

மே மாதத்து மத்தியானம் இரண்டு மணி. ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, தலைக்கு மேல் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு, துணிப்பை நிறைய சோள மாவை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். மூக்கு நுனியில் வியர்வை சொட்டுகிறது. அம்மா கதவைத் திறந்தார், பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சாத்திவிட்டுப் போனார். கதவுச் சத்தமும் பதிவாகிவிட்டதால் அந்த டேக் வீண்.

பனியில் நடக்கும் காலடிக்குச் சினிமா ஒலிக்காரர்கள் ரொம்ப நாளாகக் கையாளும் வழி இது. சோள மாவைப் பையில் கட்டி அமுக்கினால், மாவுத்துகள்கள் ஒன்றோடொன்று உரசி 'க்ரீச்' என்று ஒரு இறுக்கமான சத்தம் வரும், புதுப்பனியை மிதித்தால் வருவதும் கிட்டத்தட்ட அதுவே. நான் பனியை நேரில் பார்த்தவனில்லை. பார்க்காத ஒன்றை வைத்து விளையாட்டு செய்யக் கிளம்பியவனுக்கு அரைக்கிலோ சோள மாவுதான் முதல் ஆறுதல்.

விளையாட்டு இதுதான்: ஜப்பானின் குளிர்கால நாட்டுப்புறக் கதைகளை வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் இருபரிமாணக் கதை. சண்டை கிடையாது, புள்ளிகள் கிடையாது. நடக்கலாம், பேசலாம், கையில் இருப்பதைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கோடோ என்ற, விளையாட்டு செய்வதற்கான மென்பொருள் எஞ்சினில், வேலை முடிந்த ராத்திரிகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக ஒன்றரை வருடம் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் சேர்த்ததைவிட எடுத்ததுதான் அதிகம், அதனால் எதை எதை எடுத்தேன் என்பதைத்தான் பெரும்பாலும் எழுதப்போகிறேன்.

முதலில் எடுத்தது ஒரு முழு அத்தியாயம். ஆரம்பத்தில் படித்த எல்லாக் கதைகளையும் ஒரே ஊரில் போட்டு நிரப்பியிருந்தேன். வருடக் கடைசி ராத்திரி முகமூடி மாட்டி, வைக்கோல் உடுப்பு போட்டு, மரக்கத்தியோடு வீடு வீடாகப் புகுந்து "அழுகிற பிள்ளை இருக்கா?" என்று அதட்டும் நமஹகே இருந்தார்கள். பனியைக் குவித்துக் குடைந்து உள்ளே தண்ணீர்ச் சாமிக்கு மாடம் வைக்கும் கமக்குரா குடில் இருந்தது. பனிப்பெண் யுக்கி ஒன்னாவும் இருந்தாள். வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. நமஹகே அக்கித்தா மாநிலத்தில் ஓகா தீபகற்பத்தின் கடலோர ஊர்களில் டிசம்பர் 31-ஆம் தேதி வருவது. கமக்குரா அதே மாநிலம்தான், ஆனால் உள்ளே தள்ளி மலைகள் சூழ்ந்த யொக்கொத்தே ஊரில், பிப்ரவரி மாத மத்தியில். யுக்கி ஒன்னாவை வெளியுலகம் அறியச் செய்தவர் எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன். 1904-இல் அவர் அச்சில் கொண்டுவந்த வடிவம், இன்றைய டோக்கியோவின் மேற்குப் பக்கத்து விவசாயி ஒருவர் அவருக்குச் சொன்னது. கடலையும் மலையையும் டோக்கியோவையும் ஒரே தெருவில் நிறுத்தியிருக்கிறேன். ஜப்பான்காரர் எவரும் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவார்.

நமஹகேயை எடுத்தேன். வயிறு எரிந்தது, ஏனென்றால் அந்த முகமூடிகளை மட்டும் மூன்று வாரம் வரைந்திருந்தேன். அந்த வைக்கோல் உடுப்பிலிருந்து உதிரும் ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டால் நோய்நொடி அண்டாது என்ற நம்பிக்கையை வைத்து அழகான ஒரு சின்னப் புதிரும் செய்திருந்தேன். எல்லாம் 'பிறகு பார்க்கலாம்' என்ற ஃபோல்டரில் தூங்குகிறது. யுக்கி ஒன்னா கதை பனி கொட்டும் பல பகுதிகளிலும் வெவ்வேறு விதமாக வழங்குவதால் அவளை அக்கித்தாவின் உள்நாட்டுக் கிராமம் ஒன்றுக்குக் கொண்டுபோவதில் சங்கடம் இல்லை. கமக்குரா இருந்தது. அதோடு கசா ஜிசோ சேர்ந்தது.

கசா ஜிசோ கதையைத் தெரியாதவர்களுக்கு: வருடக் கடைசி நாளில் ஒரு ஏழைக் கிழவர், தானே முடைந்த, கசா என்கிற அகலமான தொப்பிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார். ஒன்றுகூட விற்கவில்லை. திரும்பும் வழியில் பனியில் நனைந்து நிற்கும், ஜிசோ என்ற பௌத்தக் காவல்சாமியின் ஆறு சிலைகள். கையில் இருப்பது ஐந்து தொப்பி. ஐந்து சிலைக்குப் போட்டுவிட்டு, ஆறாவதற்குத் தன் தலையில் இருந்ததைக் கழற்றிக் கட்டிவிடுகிறார். அன்று ராத்திரி அந்தச் சிலைகளே அரிசியும் மோச்சி என்கிற அரிசிப் பலகாரமும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகின்றன.

விளையாட்டாக மாற்ற இதைவிட வசதியான கதை கிடைக்காது என்று நினைத்தேன். பையில் ஐந்து பொருள், எதிரே ஆறு இடம். சோதித்துப் பார்க்க ஆறு பேரிடம் கொடுத்தேன். ஆறு பேரும் ஐந்தைப் போட்டுவிட்டு, திரும்பிச் சந்தைக்கே ஓடினார்கள். எங்கோ ஒரு தொப்பியைத் தவற விட்டுவிட்டோம் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள், ஒருவர் பழைய சேமிப்பைத் திறந்து முதலிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். கிழவரின் தலையில் தொப்பி இருப்பதை யாருமே பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்தால் தப்பு என்னுடையது. திரையின் மூலையில் '5/6' என்று எழுதி வைத்திருந்தேன். அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால், விளையாடிப் பழகிய கைக்கு அது 'இன்னும் ஒன்று தேடு' என்ற கட்டளை. எண்ணை எடுத்தேன். பை என்ற படத்தையே எடுத்தேன், கிழவரின் முதுகில் தொப்பிகள் அடுக்காகத் தெரியும்படி வரைந்து, கொடுக்கக் கொடுக்க முதுகு காலியாகும்படி செய்தேன். அப்புறம் இன்னொன்று: ஐந்தாவது தொப்பி போனதும் காற்று லேசாக அடிக்கும், கிழவர் ஒரு கையால் தன் தலைத்தொப்பியைப் பிடித்துக்கொள்வார். எட்டே படங்கள் கொண்ட அசைவு. அடுத்த சுற்றில் ஒருவர்கூடச் சந்தைக்குத் திரும்பவில்லை.

பனி பொழிய வைப்பது சுலபம் என்று நினைத்ததுதான் பெரிய ஏமாற்றம். துகள்களை உண்டாக்கும் வசதி எஞ்சினிலேயே இருக்கிறது, வெள்ளைப் புள்ளியைக் கொடுத்து எண்ணிக்கையை 20,000 என்று வைத்தேன். பழைய மடிக்கணினி, நொடிக்குப் பதினேழு ஃப்ரேம் என்று திணறியது. அது போகட்டும், பார்ப்பதற்கும் யாரோ மாடியிலிருந்து உப்பைக் கொட்டுகிற மாதிரிதான் இருந்தது. துகள்களுக்கு ஈர்ப்பு விசை கொடுத்திருந்ததால் கீழே வரவர வேகம் கூடிக்கொண்டே போனது. நிஜப் பனிச்சீவல் அப்படி விழாது. காற்றின் தடை அதன் எடையைச் சீக்கிரமே ஈடுகட்டிவிடும், அதற்கப்புறம் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் என்ற ஒரே வேகம்தான். பெரிய மழைத்துளி அதைப் போல ஏழெட்டு மடங்கு வேகத்தில் விழும்.

என் கிழவரின் உயரம் திரையில் 160 பிக்சல், அவரை ஒன்று அறுபது மீட்டர் ஆள் என்று வைத்தால் ஒரு மீட்டருக்கு 100 பிக்சல். ஆகவே ஈர்ப்பைப் பூஜ்யமாக்கி, வேகத்தை 100 என்று வைத்து, பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளாட்டம் கொடுத்தேன். 720 பிக்சல் உயரத் திரையைத் தாண்ட ஒரு சீவலுக்கு ஏழு நொடிக்கு மேல் ஆகிறது. அந்த ஏழு நொடி மெதுவைப் பார்த்ததும்தான் முதல்முறையாகக் குளிர்ந்தது. ஆனால் அதே மெதுவால் இன்னொரு வம்பு, ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் வானம் காலியாக இருந்து, மேலிருந்து பனி ஒரு திரைச்சீலை மாதிரி இறங்கியது. துகள் அமைப்பை எட்டு நொடி முன்கூட்டியே ஓட்டிவிட்டுக் காட்சியைத் திறக்கச் சொல்லும் ஒரு அமைப்பு இருக்கிறது, அதை வைத்ததும் சரியானது. கடைசியில் நின்ற எண்ணிக்கை 600. தூரத்தில் கொனாயுக்கி என்கிற பொடிப்பனி, நடுவில் சாதாரணம், கண்ணுக்கு அருகில் போத்தான்யுக்கி என்கிற, பியோனிப் பூவிதழ் போலப் பெரிதாகத் தளர்ந்து விழும் சீவல்கள், மொத்தம் மூன்று அடுக்கு. 20,000 காட்டாத அடர்த்தியை 600 காட்டியது.

ராத்திரிக் காட்சியைக் கருப்பாக வைத்திருந்தேன். ராத்திரி என்றால் இருட்டுதானே. டொரொண்டோவில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு ஒரு வீடியோ அனுப்பினேன், பதினைந்து நிமிடத்தில் கூப்பிட்டார். "ஏன்டா, ஸ்னோ கொட்டிக் கிடக்கிற ராத்திரி இவ்வளவு இருட்டாவா இருக்கும்? இங்க ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லைட் போடாமலே வாசல்ல செருப்பைத் தேடி எடுக்கலாம்டா."

"அப்ப என்ன கலர்ணே வைக்கிறது?"

"இங்க வானமே ஆரஞ்சா இருக்கும். தெருவிளக்கு வெளிச்சம்."

ஆரஞ்சு எனக்கு உதவாது, என் கிராமத்தில் தெருவிளக்கே கிடையாது. ஆனால் அவர் சொன்ன அடிப்படை சரி. புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், மேகத்துக்குப் பின்னால் நிலா இருந்தாலே போதும், தரையும் வானமும் மாறி மாறி அதையே கைமாற்றிக்கொள்ளும். ஆகவே வெளியே கருப்பை எடுத்துவிட்டு நீலச்சாம்பல் வைத்தேன், நிழல்களையும் நீலமாக்கினேன், சுத்த வெள்ளையை எங்குமே வைக்கவில்லை. இருட்டை எல்லாம் வீட்டுக்குள் தள்ளினேன். தரையில் பதித்த இரோரி அடுப்பின் கங்கு மட்டும்தான் உள்ளே வெளிச்சம்.

வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. முதலில் வரைந்த வீட்டுக்கு அழகாக ஒரு புகைபோக்கி வைத்திருந்தேன், சின்ன வயதில் வாழ்த்து அட்டைகளில் பார்த்த பனிவீடு. ஜப்பானியப் பழைய கிராம வீட்டில் அது கிடையாது. இரோரியின் புகை கூரைக்குக் கீழேயே சுற்றி, வேய்ந்த புல்லில் பூச்சி பிடிக்காமல் காத்து, மேலே ஒரு திறப்பு வழியாக மெல்ல வெளியேறும். இதைத் திருத்தியே ஆகவேண்டும், ஏனென்றால் கதையின் கடைசியில் யுக்கி ஒன்னா போவதே அந்தப் புகைத் திறப்பு வழியாகத்தான்.

சத்தத்துக்கு வருகிறேன். காலடி தவிர, ஊ ஊ என்று இடைவிடாத காற்று, தூரத்தில் ஓநாய், மணி, பின்னணியில் ஒரு புல்லாங்குழல் எல்லாம் போட்டிருந்தேன். கேட்டால் பேய்ப்படம் மாதிரி இருந்ததே தவிர பனி இல்லை. புதிதாக விழுந்த பனிக்குள் நிறையக் காற்றறைகள் உண்டு, சத்தம் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும், அதனால் பனி விழுந்த ஊர் ஒரேயடியாக அடங்கிப்போகும் என்று படித்தேன். அண்ணனும் அதையேதான் சொன்னார், "காலையில எந்திரிக்கும்போதே தெரியும்டா, சத்தமே இருக்காது." ஓநாய் போனது, குழல் போனது. எல்லாச் சத்தத்தின் கூர்மையையும் லோ பாஸ் ஃபில்டரில் சீவி, எதிரொலியைச் சுத்தமாக எடுத்தேன். பனி கெட்டிப்பட்ட பழைய பாதைக்குச் சோள மாவு சரிவரவில்லை, ரொம்ப மிருதுவாக இருந்தது, தட்டில் கல் உப்பைப் பரப்பி கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தியபோது கிடைத்தது. மிச்சமிருப்பது காலடி, மூச்சு, எப்போதாவது மரக்கிளையிலிருந்து பனி 'பொத்' என்று சரியும் சத்தம். அந்த 'பொத்', நனைத்த துண்டை மெத்தையில் போட்டது.

தமிழில் எழுத்தோட்டம்தான் நான் எதிர்பார்க்காத இடத்தில் இடித்தது. இந்த மாதிரி விளையாட்டுகளில் வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு ஆவது போல வரும், தெரியுமில்லையா. தமிழில் அதை ஓட்டினால் எழுத்துகள் துள்ளின. 'பெண்' என்ற சொல்லைக் கணினி நான்கு துண்டாக வைத்திருக்கிறது: ப, அப்புறம் கொம்பு, அப்புறம் ண, கடைசியில் புள்ளி. திரையில் முதலில் 'ப' வந்து நிற்கிறது, அடுத்த நொடித்துளியில் கொம்பு அதற்கு முன்னால் முளைத்து 'ப'வை வலப்பக்கம் தள்ளுகிறது, பிறகு 'ண', பிறகு அதன் தலையில் புள்ளி. முழு வரியும் குளிரில் நடுங்குவது போலத் தெரிந்தது, பனிக்கதைக்கு இதுவும் பொருத்தம்தான் என்று ஒரு நாள் முழுக்க என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். முடியவில்லை. கோடோ 4-இல் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் வசதி இருக்கிறது, ஆகவே காட்டுவதில் குறை இல்லை, நான் வெட்டுகிற இடம்தான் தப்பு. பன்னிரண்டு வரியில் ஒரு சின்ன நிரல்: அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் நிற்காதே, அதையும் சேர்த்தே காட்டு. க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் தனி விதிவிலக்கு. இப்போது 'பெ' ஒரு தட்டு, 'ண்' ஒரு தட்டு.

பெயர்களிலும் ஒரு கணக்கு பார்க்கவேண்டியிருந்தது. 'யுகி' என்று எழுதினால் நாம் யோகியில் வரும் 'கி'யாகத்தான் வாசிப்போம். அதனால்தான் யுக்கி, கமக்குரா என்று ஒற்றுப் போட்டு எழுதுகிறேன், ஓகாவில் இயல்பாகவே நம் மெல்லிய 'க' வருவதால் அங்கே தேவைப்படவில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி 'பனி' என்ற சொல்லே. நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும்தான், கண்ணாடியை மங்கலாக்குவதும்தான். "பனி விழுகிறது" என்று எழுதினால் வாசிப்பவர் மனதில் மஃப்ளரும் கோலமும் வந்துவிடும். வெண்பனி என்று போட்டுப் பார்த்தேன், கிழவர் வாயில் அது கவியரங்கம் மாதிரி ஒலித்தது. உறைபனி என்றால் ஊட்டி வானிலைச் செய்தி. கடைசியில் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடித்தேன். பனி கொட்டுகிறது, குவிகிறது, முழங்கால் வரை புதைகிறது, கூரையிலிருந்து அள்ளித் தள்ளுகிறார்கள். மார்கழிப் பனியை யாரும் அள்ளித் தள்ளமாட்டார்கள், அதனால் குழப்பம் தானாகத் தீர்ந்தது. கமக்குரா குடிலுக்குள் இருக்கும் பிள்ளைகள் போகிற வருகிறவர்களை அந்த ஊர் வழக்கில் "ஹைத்தெ தன்ஸெ, ஓகான்தெ தன்ஸெ" என்று அழைப்பார்கள். "தயவுசெய்து உள்ளே வாருங்கள்" என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, "உள்ள வாங்க, சாமி கும்பிட்டுப் போங்க" என்று மாற்றினேன். பிள்ளைகள் பிள்ளைகளாக ஆனார்கள். கையில் ஆமாஸாக்கேவை, சோற்றிலிருந்து எடுக்கும் அந்த இனிப்புப் பானத்தை, ஒரு குவளையில் நீட்டுவார்கள். விளையாட்டில் மொத்தமும் சூடாகத் தெரியும் ஒரே இடம் அதுதான்.

இனி யுக்கி ஒன்னா. மூலக்கதையில் புயல் ராத்திரி ஒன்றில் படகுக்காரர் குடிசையில் ஒதுங்கிய இரண்டு விறகுவெட்டிகளில் கிழவர்மேல் அவள் மூச்சை ஊதி உறைய வைக்கிறாள், இளைஞன் மினோக்கிச்சியை விட்டுவிடுகிறாள், இதை யாரிடமும் சொன்னால் கொன்றுவிடுவேன் என்கிறாள். வருடங்கள் கழித்து, தன் மனைவி விளக்கடியில் தைத்துக்கொண்டிருக்கும்போது அவன் அதை அவளிடமே சொல்கிறான். அவள்தான் இவள்.

என் முதல் வடிவத்தில் எல்லா உரையாடலிலும் 'அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்' என்று ஒரு பொத்தான் இருக்கும். நாலு பேர் முதல் உரையாடலிலேயே, அம்மாவிடமே, ஆர்வத்தில் அதைத் தட்டி, கதையைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். பொத்தானை எடுத்தேன். அப்படியானால் சொல்வது எப்படி என்று இரண்டு மாதம் மாட்டிக்கொண்டேன். இதற்கு நடுவில் ஒரு பிழை: மனைவியின் காலடித்தடங்களைத் தவறுதலாகத் தரை அடுக்குக்குக் கீழே வைத்துவிட்டேன், அவள் நடந்தால் பனியில் தடமே விழவில்லை. விளையாடிப் பார்த்த ஒரு தோழி "அவளுக்குத் தடம் இல்லன்னு கவனிச்சதும் எனக்குப் புல்லரிச்சிடுச்சு, நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். பனிப்பெண்ணுக்குக் காலடித்தடம் விழாது என்று சில ஊர்களில் சொல்வதும் உண்டு. பிழையைத் திருத்தவில்லை.

அந்த 'யார்கிட்டயும் சொல்லல'வில்தான் கடைசிக் காட்சி கிடைத்தது. விளக்கு, தையல், கங்கு. திரையில் ஒரு பொத்தானும் இல்லை, குறிப்பும் இல்லை. எந்த விசையைத் தொட்டாலும் மினோக்கிச்சி தானாகப் பேச ஆரம்பித்துவிடுவான், அதற்கப்புறம் நிறுத்த முடியாது. ஒன்றும் தொடாமல் 90 நொடி இருந்தால் அவள் நூலைக் கடித்து அறுத்து, விளக்கை அணைத்து, எழுந்து படுக்கப் போய்விடுவாள். அடுத்த நாள் காலை சாதாரணமாக விடியும். அந்த 90 நொடியைச் சும்மா கடந்தவர் சோதனையில் யாருமில்லை, எல்லாக் கையும் எதையாவது தட்டியது.

அண்ணன் மட்டும் கூப்பிட்டார். "டேய், நடுவுல டீ போடப் போயிட்டேன், வந்து பார்த்தா விடிஞ்சிருக்கு, அவ அடுப்பு பத்த வைக்கிறா. நான் எதாவது தப்பா அமுக்கிட்டேனா?"

"நீங்க ஒண்ணுமே அமுக்கலண்ணே."

அன்று ராத்திரியே 90-ஐ 240 ஆக்கினேன். டீ போடுகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.